கைத்தடியும் கைப்பேசியும்

ஆனையிறவு வெளியைக் கடந்து வண்டி வடக்கு நோக்கி ஓடத் தொடங்கியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகின்றது. இருமருங்கும் மணற்பரப்பு, அதன்மேல் வரிசை தவறி நிற்கும் பனைகள். பளைக்கு வந்தால் தென்னந்தோப்புகள் நிழல் பரப்புகின்றன. கொடிகாமமும் சாவகச்சேரியும் மாவுக்கும் பலாவுக்கும் பேர்போன தென்மராட்சி மண். வேலிக்கு அப்பால் கூட்டிப் பெருக்கிய முற்றங்கள். அம்முற்றங்களிலே, ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவராக, கைத்தடியைப் பக்கத்தில் சாத்திவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியவர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பற்றி எழுதுவோர் கீரிமலைக் கேணியையும், நல்லூர்த் தேரையும், கோட்டை மதிலையும் வருணிப்பது வழக்கம். அவையெல்லாம் வருணனைக்கு உரியவையே. ஆயினும் இம்முறை கல்லூரி விடுமுறையில் ஒரு வார காலம் நாம் சுற்றிப் பார்த்தவை இந்த முற்றங்களே. முதியோரின் உடல்நலத்தையும் அன்றாட வாழ்வையும் பேணுவோர் பலர். அப்பலரையும் ஒரு நூலிலே கோப்பதற்குக் கைப்பேசியும் கணினியும் இங்கே எவ்வளவு தூரம் துணைசெய்கின்றன, எவ்விடத்தில் நின்றுவிடுகின்றன என்பதை அறிந்துவர வேண்டுமென்பதே நமது நோக்கம்.

முதலில் ஒரு கணக்கு. இலங்கை மக்களுள் 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 7.9 பேர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 12.6 ஆக உயர்ந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் இத்துணை விரைவாக மூப்படைந்த நாட்டிலே, குடாநாட்டின் நிலை இன்னும் ஒருபடி சிக்கலானது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இளையோரைக் கனடாவுக்கும், இங்கிலாந்துக்கும், பிரான்சுக்கும், நோர்வேக்கும், அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவைத்தது. போனவர்கள் அங்கே வேரூன்றிவிட்டார்கள். பெற்றோர் இங்கே பிறந்த மண்ணை விடமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். ஆகவே, பணம் அனுப்பும் கை ஒரு கண்டத்திலும், தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் கை வேறொரு வீட்டிலும் இருக்கும் நிலை இங்கே பொதுவாகிவிட்டது.

சாவகச்சேரியிலிருந்து யாழ்நகர் செல்லும் வழியிலே கைதடி என்னும் ஊர் உள்ளது. வடமாகாண சமூகசேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்கும் அரச முதியோர் இல்லம் அவ்வூரில்தான் இருக்கின்றது. அவ்வழியாகச் செல்கையில் அரசு முதியோருக்குச் செய்துவைத்த ஏற்பாடுகள் நினைவுக்கு வந்தன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று வரையறுத்தது. முதியோருக்கென ஒரு தேசிய செயலகத்தையும் உண்டாக்கியது. 60 வயதைக் கடந்தவர்க்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. வருமானம் குறைந்த முதியோருக்கு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகையை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தியது.

எனினும், முதியோருள் மிகப் பெரும்பாலார் இல்லங்களில் அல்லர், தத்தம் வீடுகளிலேயே வாழ்கின்றனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒரு பிரிவில் வாழும் ஒரு மூதாட்டியை எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். கிராம அலுவலரிடம் அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும். உதவித்தொகைப் பட்டியலில் இன்னோரிடத்தில் இருக்கும். வைத்தியசாலையின் கிளினிக்கில் வேறோர் இலக்கத்தோடு இருக்கும். தனியார் வைத்தியர் ஒருவரிடம் ஒரு துண்டுச்சீட்டில் இருக்கும். ஒவ்வொருவரும் அவரை ஒரு பக்கமாக அறிவர். அவரை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இல்லை. நாம் கண்டவரையில், குறை அன்பிலே இல்லை. அறிந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமையிலேயே இருக்கின்றது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாசலில் ஒரு நாட்காலை நின்றோம். வருகின்ற முதியவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள்ளே ஒரு கொப்பி. பள்ளிப் பிள்ளைகள் கணக்குச் செய்யும் அதே கொப்பி. அதற்கு அழகாக உறைபோட்டு, மழை படாதபடி பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறார்கள். ‘கிளினிக் கொப்பி’ என்பது அதன் பெயர். குருதியழுத்தம், சீனியளவு, கொடுத்த மருந்து, அடுத்த தவணை எல்லாம் அதிலேதான். இருதயத்துக்கு ஒரு கொப்பி, கண்ணுக்கு ஒரு கொப்பி, நீரிழிவுக்கு ஒரு கொப்பி என்று மூன்று வைத்திருப்பவர்களையும் கண்டோம். இந்தச் சாதாரணக் கொப்பியே இவ்வளவு காலமும் வைத்தியரையும் வைத்தியரையும் இணைத்துவந்த கருவி என்பதை மறத்தலாகாது.

இவ்வைத்தியசாலையின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்கின்றது. அரசாங்க அதிபராக டைக் துரை இருந்த காலத்தில், ஊரவர் உதவியோடு அமைந்த தரும வைத்தியசாலையே இதன் வித்து. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் தொடங்கியபின் இது போதனா வைத்தியசாலையாயிற்று. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலே நோயாளர் விவரத்தைக் கணினியில் பதியும் முறை, மேல் மாகாணத்துத் தொம்பே வைத்தியசாலை போன்ற சிலவற்றிலே தொடங்கிப் பின்னர் பரவிவருகின்றது. ஒவ்வொருவருக்கும் தனியொரு சுகாதார இலக்கம் வழங்கும் ஏற்பாடும் உண்டு. இவை நல்ல தொடக்கங்களே. ஆனால் வைத்தியசாலையின் கணினி அறிந்தது பெரும்பாலும் அதன் மதிலோடு நின்றுவிடுகின்றது. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி வீடு திரும்புகின்றார் என்பதை வார்ட் அறியும். அவ்வீட்டில் அவர் தனியே இருக்கின்றார் என்பதைக் கிராமம் அறியும். இவ்விரு செய்திகளும் ஓரிடத்தில் சந்தித்தாலன்றி அவர் எழுந்து நடக்கப்போவதில்லை.

‘கொப்பி போதாதோ, கணினி எதற்கு?’ என்று கேட்பார் உளர். அவர்களுக்கு இம்மண்ணின் வரலாறே விடை கூறும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எடுத்துச் செல்ல முடிந்தவை சிலவே. எத்தனை வீட்டு ஆவணங்கள் அன்று அழிந்தன என்று கணக்கிட்டவர் இல்லை. காகிதம் ஓரிடத்தில் இருந்தால் அவ்விடத்தோடு அழியும். ‘அப்படியாயின் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடுவோமே’ என்பாருக்கும் ஒரு விடை உண்டு. 2022 மார்ச் இறுதியிலே, பொருளாதார நெருக்கடியின்போது, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்தது. அன்று கணினி கண்மூடியது, கொப்பி விழித்திருந்தது. ஆகவே, இரண்டும் வேண்டும் என்பதே குடாநாட்டின் அனுபவம்.

நகரிலிருந்து வடமேற்கே சிறிது தூரம் சென்றால் மானிப்பாய். அங்கே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கின்றது. அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப்பணி தொடங்கினார். மேனாட்டு வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திலே கற்பித்த அவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்காகக் கலைச்சொற்களைத் தொகுத்தார். பல்லாயிரம் பக்க அளவில் வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அப்பணியை அவர் கைவிடவில்லை. அவர் கண்ட உண்மை எளியது: நோயாளியின் மொழியில் இல்லாத வைத்தியம் பாதி வைத்தியமே. இன்று நம் முதியோர் கையில் கொடுக்கப்படும் கைப்பேசிச் செயலிகள் பலவற்றுள் தமிழ் இருந்தாலும், அது அகராதியைப் புரட்டி ஒட்டவைத்த தமிழாக இருக்கின்றது. ‘உள்நுழைக’, ‘கடவுச்சொல்லை மீட்டமைக்க’ என்னும் சொற்களைக் கண்டு, எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பேரனிடம் நீட்டிவிடுகின்றார். கிறீன் இன்றிருந்தால் முதலில் அச்சொற்களைத் திருத்தவே உட்காருவார் என்று நினைத்துக்கொண்டோம்.

வலிகாமத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டா. ஒழுங்கையின் முடிவிலே சங்கடப்படலை வைத்த பழைய வீடு ஒன்று. வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும்படி படலைக்குக் கூரைபோடுவது இந்நாட்டு வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவர். உள்ளே எண்பத்துமூன்று வயது அம்மையார் தனியாக வாழ்கின்றார். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். நாம் சென்றது காலை ஏழு மணிக்கு. மகன் வேலை முடித்து உறங்கப்போகும் நேரமாதலால் கைப்பேசித் திரையிலே அவர் முகம் தெரிந்தது. அம்மையார் வெற்றிலைத் தட்டத்தின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினார். உணவு, உறக்கம், மருந்து என்று ஒவ்வொன்றையும் மகன் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் விடை ‘ஓம்’ என்பதே.

பேச்சு முடிந்தபின் அம்மையார் நம்மை நோக்கிச் சிரித்தார். “தம்பி, ‘அம்மா சாப்பிட்டியளோ’ எண்டு பிள்ளை ஒவ்வொரு நாளும் கேக்கிறான். ‘ஓம்’ எண்டு சொன்னால்தான் அவன் நித்திரை கொள்ளுவான். அதாலை ஓம் எண்டே சொல்லிப்போடுறது” என்றார். அடுப்படியிலே அன்று தேநீர் வைத்த பாத்திரத்தைத் தவிர வேறொன்றும் கழுவப்பட்டிருக்கவில்லை. கடலைத் தாண்டி முகம் வந்துவிட்டது, உண்மை வரவில்லை. கருவியின் குற்றம் அன்று இது. தாயின் அன்பு உண்மையை மறைத்தது. கேட்பவர் தொலைவில் இருக்கும்போது, அருகில் நின்று பார்ப்பவர் ஒருவர் இருந்தாலன்றிக் கருவி வெறும் ஆறுதலாகவே நின்றுவிடும்.

அவ்வாறு பார்ப்பவர் ஒருவர் இவ்வீட்டுக்குக் கிடைத்த வரலாறும் சொல்லத்தக்கது. சில மாதங்களுக்கு முன் அம்மையார் தலைசுற்றிக் கிணற்றடியில் விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. அடுத்த வீட்டில் உயர்தர வகுப்பில் கற்கும் மாணவி ஒருத்தி ஓடிவந்து தூக்கினாள். அவள் வீட்டிலிருந்த மருந்துகளையெல்லாம் ஒரு பாயில் பரப்பி, உறைகளின் எழுத்துத் தெரியும்படி படமெடுத்து, அதே ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவருக்கு அனுப்பினாள். தாதி வந்து பார்த்தார். கிளினிக்கில் கொடுத்த குருதியழுத்த மாத்திரை ஒரு பெயரில். தனியார் வைத்தியர் எழுதிய மாத்திரை வணிகப் பெயரில். உள்ளே இருந்ததோ ஒரே மருந்து. அம்மையார் ஆறு வாரமாக இரு பங்கு உட்கொண்டு வந்திருக்கிறார். இரு வைத்தியரும் சரியாகவே எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் காணவில்லை. “நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதையுங்கோ அம்மா, இரண்டையும் கிளினிக்குக்குக் கொண்டுபோவம்” என்று தாதி கூறி, மறுநாளே உடன் சென்றார். கிளினிக் வைத்தியர் ஒன்றை வெட்டிவிட்டார். தலைசுற்றும் நின்றது.

அதன்பின் மகன், மகள், மாணவி, தாதி, வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்லும் ஓட்டோக்காரர் ஆகிய ஐவரும் வட்ஸ்அப்பில் ஒரு குழுவாயினர். தவணைத் திகதி, மருந்து மாற்றம், உணவு கொண்டுவருபவர் வராத நாள் ஆகியவை மட்டுமே அதில் இடம்பெறும். ஆனால் தொடக்கத்திலே ஒரு தடை எழுந்தது. “என்ரை வருத்தத்தை ஊரெல்லாம் வாசிக்கிறதோ?” என்று அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. எதைச் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்தார். காலில் உண்டான புண்ணை மகளுக்குச் சில காலம் சொல்ல வேண்டாம் என்றார். மகளுக்கு அது பிள்ளைப்பேற்றுக் காலம். தாதி அதற்கு இணங்கினார். ஆனால் கிளினிக் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். முதியவர் குழந்தையல்லர், தம்மைப்பற்றிய செய்திக்கு அவரே உரிமையாளர் என்பதை அந்தத் தாதி நன்கு உணர்ந்திருந்தார்.

இத்தகைய கூட்டுறவு ஒருமுறை நாடு முழுவதிலுமே நிகழ்ந்ததுண்டு. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு பிறந்தபோது, கிளினிக்குகளுக்குச் செல்ல வழியில்லாது போயிற்று. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஊரடங்கு இடைவிடாது வாரக்கணக்கில் நீடித்தது. அவ்வேளையில் அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகளை நோயாளரின் வீட்டுக்கே தபால் மூலம் சேர்ப்பிக்கும் ஏற்பாடு நடைபெற்றது. ஒருபுறம் தொலைபேசி, மறுபுறம் தபாற்காரரின் சைக்கிள். இரண்டுக்கும் நடுவே பெயரும் விலாசமும் மருந்தும் எழுதிய ஒரு பட்டியல். அப்பட்டியல் சரியாக இருந்த இடத்தில் மருந்து வந்து சேர்ந்தது. பெரும் இயந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கைகளைச் சேர்க்கும் ஒரு பட்டியலே வேண்டியிருந்தது.

வடமராட்சிக்குச் சென்றபோது பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைக் கண்டோம். தெருவின் இருபக்கமும் திண்ணை அமைத்து, தெருவுக்கு மேலேயே கூரை போட்ட கற்கட்டடம் அது. வண்டியும் அதன் ஊடாகவே செல்லும். களைத்தவர் திண்ணையில் இருப்பர். பண்டைய தருமம் வழியோடு இணைந்திருந்தது. தேவைப்படுவோர் தேடிப் போகவேண்டியதில்லை. அத்திண்ணையில் இருந்த முதியவர் இருவரிடம், அவசரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். இருவரும் ஒரே குரலில் “1990” என்றனர். சுவசெரிய எனப்படும் இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையின் தொலைபேசி இலக்கம் அது. இந்திய நன்கொடையோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அச்சேவை, 2018 ஜூலை 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைக்கப்பட்டு வடக்கே விரிந்தது. அழைத்தவரின் இடத்தைக் கண்டு, அண்மையிலுள்ள வண்டியை அனுப்பும் முறை அதில் உள்ளது. வடபகுதியார்க்கு 1990 என்ற எண் வேறொன்றையும் நினைவூட்டும். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டு யாழ்தேவி நின்றது. 2014 ஒக்டோபரிலேயே அது யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது. பாதை அடைபட்ட ஆண்டின் எண், இன்று பாதை திறக்கும் எண்ணாக முதியவர் நாவில் இருக்கின்றது.

இறுதியாகத் தீவுகள். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குச் சென்றால், பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடப்பதைக் காணலாம். கதவு திறந்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் முதியவரே இருப்பார். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும் மட்டக் குதிரைகளும் உள்ள தீவு அது. அங்கே ஒரு பெரியவர் தம் கதையைக் கூறினார். நகரத்து வைத்தியசாலையொன்றில் தவணைக்காக விடியுமுன் புறப்பட்டுப் படகேறி, பஸ் ஏறிச் சென்றாராம். அன்று அந்தக் கிளினிக் இல்லை, வேறு நாளுக்கு மாற்றப்பட்டது என்றனராம். மாலைப் படகும் போய்விட்டது. இரவை உறவினர் வீட்டில் கழித்து மறுநாள் திரும்பினார். ‘கிளினிக் இல்லை’ என்னும் ஒரு வரிச் செய்தி முதல்நாள் அவர் கைப்பேசிக்கு வந்திருந்தால் இரு நாட்களும் ஒரு முதியவரின் உடலுழைப்பும் மிஞ்சியிருக்கும். அவர் சட்டைப்பையிலே கைப்பேசி இருந்தது. அவர் எண்ணும் வைத்தியசாலையில் எழுதப்பட்டிருந்தது. எண்ணை எடுத்து அழைப்பது ஒருவருடைய கடமையாக வகுக்கப்படவில்லை.

பிற நாடுகள் இவ்வழியில் என்ன கண்டன? இங்கிலாந்து 2008இல் கோர்ன்வால், கென்ற், நியூஹாம் ஆகிய மூன்று பகுதிகளில் ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கியது. நீரிழிவும் இருதய நோயும் சுவாச நோயும் உடைய 3000க்கு மேற்பட்டோர் அதில் பங்குபற்றினர். ஒரு சாராரின் வீடுகளில் கருவிகளை வைத்து, அளவுகளைத் தொலைவிலிருந்தே தாதியர் கவனித்தனர். 2012இல் முடிவு வெளிவந்தது. கருவி பெற்றோரிடையே இறப்பும் வைத்தியசாலை அனுமதியும் குறைந்தே காணப்பட்டன. ஆயினும் கருவிக்கும் சேவைக்கும் ஆன செலவுக்கு அந்நன்மை ஈடாகவில்லை என்று பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். விலையுயர்ந்த கருவியை வீட்டில் வைப்பது மட்டும் போதாது என்பது செல்வந்த நாடு கற்ற பாடம்.

உலக சுகாதார நிறுவனம் வேறொரு வழி காட்டியது. 2019இல் அது வெளியிட்ட கைந்நூலும் கைப்பேசிச் செயலியும் முதியவரின் ஆறு ஆற்றல்களைக் கவனிக்கச் சொல்கின்றன: நினைவு, நடமாட்டம், ஊட்டம், பார்வை, கேள்வி, மனநிலை. வழிமுறை எவரும் செய்யத்தக்கது. மலர், கதவு, அரிசி போன்ற மூன்று சொற்களைக் கூறிச் சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து இருக்கச் சொல்லி, 14 விநாடிக்குள் முடிகின்றதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி குன்றியதா என்று வினவ வேண்டும். குறை தென்பட்டால் உரியவரிடம் அனுப்ப வேண்டும். இங்கே கருவி செய்யும் வேலை சிறியது. பார்ப்பவரின் கண்ணே பெரியது.

நமக்கு அண்மையில் தமிழ்நாடும் ஒரு சான்று. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்திலே, பெண் தன்னார்வலர் வீடுதேடிச் சென்று குருதியழுத்தமும் சீனியும் அளந்து மருந்து கொடுக்கின்றனர். நடமாட இயலாதவருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே செல்கின்றன. விவரங்கள் கணினியில் ஏறுகின்றன. அங்கும் வாசலைத் தட்டுவது ஒரு மனிதக் கையே.

இலங்கையர்க்கு இத்துறையில் திறமை இல்லை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 2020 ஜனவரியில், ஒஸ்லோப் பல்கலைக்கழகத்திலே வளர்ந்த டிஎச்ஐஎஸ் 2 என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, கொரோனாத் தொற்றைக் கண்காணிக்கும் முறையை முதன்முதல் அமைத்தவர்கள் இலங்கையரே. அதனைப் பின்னர் பல நாடுகள் பின்பற்றின. சில வாரங்களில் அதனைச் செய்த அறிவு, குடாநாட்டு மூதாட்டியின் கிளினிக்கையும் கிராமத்தையும் இணைக்கத் தெரியாத அறிவன்று.

நாம் வேண்டுவது இவ்வளவே. ஒவ்வொரு முதியவருக்கும் தமிழில் ஒரு பக்கம் இருத்தல் வேண்டும்: நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, அடுத்த தவணை, உடனே வரக்கூடிய அயலவர், தொலைவிலுள்ள பிள்ளை. அப்பக்கம் கொப்பியிலும் இருக்கட்டும், கணினியிலும் இருக்கட்டும். வைத்தியர் மருந்தைப் பார்க்கட்டும். சமூகசேவை உத்தியோகத்தர் வீட்டு நிலையைப் பார்க்கட்டும். யார் எதைப் பார்க்கலாம் என்பதை முதியவரே கூறட்டும். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. முதியோர் உரிமைச் சட்டமும் 9ஆம் இலக்கமே என்பது தற்செயலான ஒற்றுமை. ஆயினும் இரண்டையும் சேர்த்தே படித்தல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னாரின் கடமை என்று ஒருவரின் பெயர் எழுதப்படல் வேண்டும். பெயர் இல்லாத கடமை ஒருவராலும் செய்யப்படுவதில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசும் அறிஞரும் பெரிய வலையைப் பின்னும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறன்று உங்கள் வீட்டு அம்மம்மாவையோ, அயல்வீட்டு அப்புவையோ அணுகி, அவர் சம்மதத்தோடு மருந்துகளைப் பாயில் பரப்புங்கள். பெயர்களைத் தெளிவாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இருமுறை வருகின்றதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் நீங்களாக ஒன்றையும் மாற்றாது வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பின்னர் அத்தாளைப் படமெடுத்து, அவர் விரும்பும் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். அரைமணி நேர வேலை. அதனைச் செய்துவிட்டு, “சாப்பிட்டியளோ?” என்று கேளுங்கள். ‘ஓம்’ என்று விடை வந்தால், அடுப்படியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.